தரைப் பலகைக்கு அடியில் பதினேழு எழுத்து

ஜூன் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்றைக்குக் கோவில்பட்டிச் சந்தை ரோட்டில், பட்டப்பகலில், என் ஸ்கூட்டருக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக் கிடந்தேன். அம்பது வயசுப் பொம்பளை, சேலையோடு. நாலு பேர் ஓடி வந்தார்கள். விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஒருத்தர் தூக்கினார், ஒருத்தர் பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு வந்தார். வண்டிக்கு அடியில் நம்பர் தேடுகிறேன் என்று சொன்னால் கிறுக்கி என்பார்கள். அதனால் விழுந்ததாகவே ஒத்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்துவிட்டு, சோடாவைக் குடித்தேன்.

இந்த டைரி மகள் கௌசி மதுரையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. தினமும் காலையில் சர்க்கரை எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொன்னாள். 168. எழுதியாயிற்று. சோடாவைச் சேர்க்கவில்லை. மிச்சப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அதில் மனசில் பட்டதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு இது அதிகம்தான்.

விஷயம் இதுதான். பழைய ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுப் பேட்டரி வண்டி எடுக்கலாம் என்று ஒரு ஷோரூமுக்குப் போனேன். கடை கடையாக இட்லி மாவு போடுகிறவளுக்கு பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. அங்கே சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்த ஒருத்தர் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார், குனிந்து வண்டிக்கு அடியில் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், மறுபடியும் ஆர்.சி.யைப் பார்த்தார். இது உங்கள் வண்டி இல்லை என்றார். பின்னே உங்க மாமனார் வண்டியா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பர் பிளேட் சரியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் வண்டியின் உடம்பில் ஒரு நம்பர் அடித்திருப்பார்களாம், சேஸ் நம்பர் என்று பெயர், அது ஆர்.சி.யில் இருக்கிற நம்பர் இல்லையாம்.

பதினொரு வருஷமாக அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு இன்னொரு நம்பர் இருப்பது எனக்குத் தெரியாது.

ஜூன் 4, செவ்வாய்

171. உளுந்து நல்ல உளுந்து, பொங்கி வந்தது.

ஜூன் 6, வியாழன்

வண்டி ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் அருளப்பன் என்று ஒரு புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி மூக்கில் இருக்கும், பார்ப்பது கண்ணாடிக்கு மேலாக. அவரிடம் போனேன். வண்டியைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். கால் வைக்கிற தரைப் பலகைக்கு அடியில் இரும்புச் சட்டம் ஓடுகிறதே, அதைத் துணியால் துடைத்தார். ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் ஒட்டிவைத்து பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தாளில் எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ஆர்.சி.யில் பேர் மாற்ற வேண்டுமென்றால் இப்படித் தேய்த்த தாளைத்தான் கொடுக்க வேண்டுமாம். பைக்கென்றால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும், ஸ்கூட்டர் என்றால் இப்படி எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும் என்றார்.

கண் சரியில்லை, நீங்களே வாசியுங்கள் என்றார். நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்து படித்தவள் நான். வாசித்துக்கொண்டே வந்து ஓ என்றேன்.

"ஓ இல்லக்கா, சைபர். சேஸ் நம்பர்ல ஓ வராது, ஐ வராது, க்யூ வராது. ஒண்ணு, சைபரோட கொழப்பிக்கிடுவாகன்னு விட்டுட்டாக."

மொத்தம் பதினேழு. முதல் மூன்று எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லுமாம். அடுத்து வருவது எந்த ரகம், என்ன எஞ்சின். நடுவில் ஒரு டி இருந்தது, அது பதிமூன்றாம் வருஷத்து வண்டி என்று அர்த்தம். கடைசியில் வருகிறதுதான் இந்த வண்டி எத்தனாவதாக வந்தது என்கிற நம்பர், அது ஒவ்வொரு வண்டிக்கும் வேறே என்றார். ஆர்.சி.யையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்னால் இருக்கிற எழுத்தெல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வேறே. ஆர்.சி.யில் 37. வண்டியில் 52.

ஒரே லாரியில் வந்து இறங்கின வண்டிகள், யாரோடேயோ மாறியிருக்கிறது, அன்றைக்கு உங்களோடு சேர்ந்து வண்டி எடுத்தது யார் என்று கேட்டார்.

யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 7, வெள்ளி

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். மூன்று கடைக்காரர்கள் போன் பண்ணினார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். டைரி யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை.

சேர்ந்து எடுத்தது என் தம்பி கோமதிநாயகம். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ரகம், ஒரே சாம்பல் கலர். அவன் நீலம் எடுக்கப் போனான். அக்காள் தம்பி ஜோடியாகப் போகட்டும் என்று நான்தான் இழுத்தேன். அம்மன் கோயில் வாசலில் பூஜை. இரண்டு வண்டிக்கும் சந்தனம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நம்பர் இன்னும் வரவில்லை, பிளேட் வெறுமையாக இருந்தது.

தம்பி வண்டியில் ஏறப் போனபோது அவன் பெண்டாட்டி பூரணம் தடுத்தாள். "மதினி கை ராசியான கை. எங்க வண்டிய அவுக முதல்ல ஓட்டட்டும்" என்றாள். நான் பெருமையாக அவர்கள் வண்டியில் ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். வெறுமனே நிற்கக் கூடாது என்று தம்பி என் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வழியில் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு, அவரவர் வீட்டு வாசலில் போய் நிறுத்தினோம். திருப்பி மாற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து நம்பர் வந்தது. பெயின்டர் வந்து எந்த வீட்டில் எந்த வண்டி நின்றதோ அதில் எழுதிவிட்டுப் போனார்.

ஆக, நான் ஓட்டுகிறது அவன் வண்டி. அவன் ஓட்டியது என் வண்டி.

போன கார்த்திகையில் அவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். நெஞ்சுவலி. நாற்பத்தாறு வயசு.

ஜூன் 11, செவ்வாய்

164. கௌசிக்குச் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். ஏன் குறைந்தது என்று கேட்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லவில்லை.

இதையும் எழுதிவிட்டால் தொந்தரவு விட்டது. அவன் சாவுக்கு முன்னால் நாலு வருஷம் நாங்கள் பேசவில்லை. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருதான்.

பெரிய சண்டையெல்லாம் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது, ஊருக்கே தெரியும். கல்யாண வீட்டுக்கு என்னைக் கூப்பிடுவதே சிரிக்கத்தான். அவன் புது வீடு பால் காய்ச்சினபோது பூரணத்தின் ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பந்தியில் பூரணம் இட்லி வைத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னேன், என் தம்பிக்கு இந்த இட்லி எல்லாம் இறங்காது, தினமும் காலையில் என் வீட்டில் ஆறு இட்லி தின்றுவிட்டுத்தான் இங்கே வந்து சாப்பிடுகிற மாதிரி நடிக்கிறான் என்று. பந்தியே சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

உண்மையைத்தான் சொன்னேன். உண்மையாக இருந்ததுதான் கெடுத்தது. அது அவளுக்குத் தெரியாது. தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். தம்பி என் பக்கத்தில் வந்து, ஒரு வார்த்தை சொல்லிட்டு வாக்கா, தப்பா நெனைக்காதன்னு ஒரு வார்த்தை போதும் என்றான். நான் என்ன சொன்னேன்? சிரிக்கத் தெரியாதவளைக் கட்டிட்டு வந்துட்டு என்னை ஏன்டா கும்பிடச் சொல்ற என்றேன். மறுநாளிலிருந்து அவன் காலையில் வரவில்லை.

நானும் ஆறு இட்லி கூடுதலாக ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நாள்தான்.

ஜூன் 14, வெள்ளி

அருளப்பன் போன் பண்ணினார். முப்பத்தேழு கிடைத்துவிட்டது என்றார். ஒரு அம்மா, வீட்டுக்காரர் தவறிப்போய்விட்டாராம், வண்டியைத் தன் பேருக்கு மாற்றப் பல நாளாக அலைகிறாராம். வேறொரு புரோக்கர் தாளில் தேய்க்காமல் செல்போன் வெளிச்சத்திலேயே நம்பரைப் பார்த்துவிட்டு, இது திருட்டு வண்டியாகத்தான் இருக்கும், உங்க வீட்டுக்காரர் யாரிடமோ விலைக்கு வாங்கி நம்பர் மாட்டியிருக்கிறார் என்று ஆள் கூட்டத்தில் வைத்துச் சொல்லிவிட்டாராம். அந்த அம்மா மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாராம்.

"ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளாக்கா?" என்று கேட்டார்.

செத்துப்போன என் தம்பியைத் திருடன் என்று சொல்லியிருக்கிறார்கள். அது இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். இதைக் கேட்டதும் ஓடியிருக்க வேண்டும் இல்லையா? நான் கிரைண்டரைக் கழுவினேன். கழுவின கிரைண்டரை மறுபடியும் கழுவினேன்.

ஜூன் 15, சனி

பூரணம் தெரு வரைக்கும் போனேன். முனையில் நின்று, மாவு வேணுமா என்று ஒரு கடையில் கேட்டேன். அந்தக் கடைக்குத் தினமும் நான்தான் மாவு போடுகிறேன். கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போக முடியவில்லை. பூரணம் வாசலில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சேலையை அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. வண்டி ஒரு பழைய வேட்டியால் மூடி நின்றது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், எலுமிச்சம்பழம், ராசியான கை, முப்பத்தேழு, அம்பத்திரண்டு. எனக்கே என் குரல் ஷோரூம்காரர் குரல் மாதிரி இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே வேட்டியை எடுத்தாள்.

வண்டியை அவள் சாய்த்துப் பிடிக்க, நான் படுத்தேன். பென்சிலைத் தேய்த்தால் எழுத்து எழவில்லை. தாள் வழுவழுவென்று கறுப்பாகத்தான் வந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். சட்டத்தின் மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்து, பள்ளமாக வெட்டின எழுத்துக்குள்ளே எல்லாம் இறங்கிக் கெட்டியாகியிருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். நான் பார்க்காத மாவா?

"இதென்ன பூரணம், வண்டிக்கு இட்லி ஊட்டுனீங்களா?" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. மேலே இருந்து சொன்னாள். "ஒங்க மாவுதான் மதினி. டெய்லி சாயங்காலம் வேலாயுதபுரம் கடை வரைக்கும் போயி வாங்கிட்டு வருவாக. கவர் தெரிஞ்சா நான் கண்டுபிடிச்சிருவேன்னு, தூக்குவாளியில கொட்டிக் காலுக்கு நடுவுல வச்சுக் கொண்டுவருவாக. மூடி சரியில்லாத வாளி. கீழ சிந்திக்கிட்டே வரும்."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஆமணக்கு முத்துப் போட்டு ஆட்டுற மாவு இந்த ஊர்ல வேற யாரு போடுதாக? முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேட்கல?"

"கேட்டா நிறுத்திருவாக."

நான் வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். அங்கே வெளிச்சம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. நாலு வருஷமும் அவன் என் இட்லியைத்தான் தின்றிருக்கிறான், அதை ஊற்றிப் போட்டது அவள். நான்தான் அவன் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும் என்று சொன்னானே, அந்த வார்த்தையை அப்போதுதான் சொன்னேன். தப்பா நெனைச்சிராத பூரணம் என்று. சட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியாது. கொஞ்சம் மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாவைக் கழுவி எடுக்க மனசில்லை. எழுத்து தெரிகிற அளவுக்கு மட்டும் கழுவினேன். 37.

ஜூன் 17, திங்கள்

159. கௌசி, உன் மாமா ஞாபகமாக இன்றைக்கு ஆறு இட்லி தின்றேன். நாளைக்கு என்ன வரும் என்று தெரியாது.

ஜூன் 20, வியாழன்

இரண்டு பேரும் சேர்ந்து அருளப்பனிடம் போனோம். அவர் முகம் மலர்ந்துபோய்விட்டது. முதல் காரியமாக அந்த இன்னொரு புரோக்கரைக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் இரண்டு ஆர்.சி.யையும் காட்டினார். அந்த ஆள் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, பூரணத்திடம் மன்னிச்சுக்கங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு லேசாகச் சொன்னார். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. எனக்கு நாலு வருஷம் வரவில்லை.

பிறகு அருளப்பன் வழி சொன்னார். "ரொம்பச் சுலுவு. வண்டிய மாத்திக்கிடுங்க. அக்கா வண்டி அக்காவுக்கு, அந்தம்மா வண்டி அந்தம்மாவுக்கு. இதோட முடிஞ்சது."

அதாவது தம்பி ஓட்டின வண்டி எனக்கு வந்துவிடும்.

எனக்கு அது வேண்டும்போல இருந்தது. இதை இங்கே எழுதுகிறேன், வேறு எங்கேயும் சொல்ல மாட்டேன். அவன் கைபட்டுத் தேய்ந்த பிடி, அவன் உட்கார்ந்து ஒரு பக்கமாக அமுங்கின சீட்டு. சட்டப்படி என்னுடையது. என் பேர் போட்ட ஆர்.சி. என் பையில் இருந்தது. நான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் பூரணம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். சாவியை ஏற்கெனவே வளையத்திலிருந்து கழற்ற ஆரம்பித்திருந்தாள். வளையம் இறுக்கம், நகம் வலித்திருக்கும். ஆனாலும் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்போது எனக்கு ஒரு நல்ல வேடிக்கை வாக்கியம் வந்தது. பந்தியே சிரிக்கிற வாக்கியம். முழுங்கிவிட்டேன்.

"சுத்து வழி ஏதாவது இருக்கா அருளப்பா?" என்று கேட்டேன்.

இருக்கிறதாம். அவன் பேரில் இருக்கிற வண்டியை முதலில் பூரணம் பேருக்கு மாற்றி, அதை என் பேருக்கு மாற்ற வேண்டும். என் பேரில் இருக்கிறதை அவள் பேருக்கு. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, அந்தத் தாள் இந்தத் தாள், நடையாய் நடக்க வேண்டும். ஆனால் வண்டி இருக்கிற இடத்திலேயே இருக்கும். நம்பர் பிளேட் மட்டும் இடம் மாறும்.

"எதுக்கு மதினி இவ்வளவு அலைச்சல்?" என்றாள் பூரணம்.

"அந்தச் சீட்டு எனக்குச் சரிப்படாது. ஒரு பக்கமா சாயும். எனக்கு இடுப்பு வலி" என்றேன்.

சாவியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வளையத்துக்குள்ளே அதைத் திருப்பி மாட்டினாள்.

ஜூலை 9, செவ்வாய்

வாரிசுச் சான்று அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்தோம். அதிகாரி வரவில்லை. பூரணம் தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தாள். அந்த வாளிதான். மூடி இன்னும் சரியில்லை. என் சேலையில் மஞ்சளாகச் சிந்தியது. முந்தானையால் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. தாள் எல்லாம் கொடுத்தாயிற்று, பூஜையை மட்டும் ஆவணிக்கு வைத்துக்கொள்வோம் என்று பூரணம் சொன்னாள். எந்தப் பூஜை என்று கேட்டேன். நம்பர் மாறுகிறதே, புது வண்டி மாதிரிதானே என்றாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தம்பி கோபித்துக்கொண்டு போன பிறகு, அவன் வண்டியைத் தினமும் நான் ஓட்டிக்கொண்டு அவன் தெருவைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவன் என் வண்டியில் என் மாவை வைத்துக்கொண்டு என் தெருவைத் தாண்டிப் போயிருக்கிறான். ஒரு நாள்கூட எதிரில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஹாரன் அடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அடித்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டு ஆர்.சி.யும் வந்துவிட்டன. என்னுடையதில் அவன் நம்பர் இருக்கிறது. 52 என்று முடிகிற சேஸ் நம்பர், பக்கத்தில் செண்பகவல்லி என்று என் பேர். பதினேழையும் விரலை வைத்து வாசித்துப் பார்த்தேன். இப்போது சைபரை ஓ என்று சொல்வதில்லை. என் வீட்டுக்காரர், இதையும் தினம் சாமி கும்பிடுகிற மாதிரி வாசிக்கப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பேட்டரி வண்டி வேண்டாம் என்று ஷோரூமுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

166. அம்மன் கோயில் வாசலில் பூஜை நடந்தது. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் மாவுக்கறை சீட்டுக்கு அடியில், ஒன்றில் தரைப் பலகைக்கு அடியில். புது நம்பர் பிளேட், சந்தனம், மாலை. பூரணம் நல்ல பழமாகப் பார்த்து நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து நாலு சக்கரத்துக்கும் வைத்தாள்.

எல்லாம் முடிந்ததும் தன் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினாள். "மதினி, ஒங்க கை ராசி..."

"அந்த ராசி போதும் தாயி. அவுகவுக வண்டிய அவுகவுக ஓட்டுவோம்" என்றேன்.

என் வண்டியில் ஏறி முறுக்கினேன். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. காய் போலிருக்கிறது. சக்கரத்துக்கு அடியிலிருந்து முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே போனது, வண்டி அது போன பக்கத்துக்குப் போனது, கோயில் வாசல் சாக்கடை அந்தப் பக்கத்தில் இருந்தது. மூன்று மாவுப் பாக்கெட் உடைந்தது. நம்பர் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூரணத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்பதைக் கீழே இருந்து பார்த்தேன். நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தர் தூக்கினார், ஒருத்தர் பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு வந்தார். குடித்தேன். இந்தத் தடவை விழுந்திருந்தேன்.